ஏற்று, இறக்கு

எங்கள் மலையில் எதுவானாலும் ஒன்று ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். காலையில் போடியிலிருந்து அரிசியும் உரமும் ஜீப்பில் ஏறும். கூலிக்கு வரும் பெண்கள் ஏறுவார்கள். ஏலக்காய் மூட்டை இறங்கும். உடம்புக்கு முடியாதவர்களையும் இறக்குவோம். “ஆள இறக்கியாச்சா?” என்று யாராவது கேட்டால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாகிவிட்டதா என்று அர்த்தம். அடிவாரத்தில் சிலமலை என்ற ஊரில் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்த எனக்குக் கல்யாணமான புதிதில் இந்தப் பேச்சு பிடிபடவில்லை. நாளைக்கு உன்னை இறக்கப்போகிறேன் என்று என் கணவர் சொன்னபோது, அம்மா வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறார் என்று நினைத்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். போடிக்கு சினிமா பார்க்கக் கூட்டிப்போவதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்கில் கேலி செய்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை டீச்சர். அதனால் வீட்டிலும் எனக்கு ‘டீச்சரு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில், இணையத்தில் பாட்டு எழுதும் ஒரு தளத்தைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுவேன். திரையில் ஐந்து கோடு வரும். கோட்டின் மேல் ஒரு புள்ளியை வைத்தால் அது ஒரு ஸ்வரம். புள்ளிகளை வரிசையாக வைத்துவிட்டு முக்கோணப் பொத்தானை அழுத்தினால் மெஷினே வாசித்துக் காட்டும். பிள்ளைகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அதன் பொத்தான்களையெல்லாம் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தேன். வேலையை விட்ட பிறகும் அந்தத் தளத்துக் கணக்கு என் பெயரில் அப்படியே கிடந்தது.

மலையில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டமும் ஒரு ஸ்டோரும் உண்டு. ஸ்டோர் என்றால் கடையில்லை. பச்சை ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். வெளியே அடுப்பு எரியும், சூடு குழாய் வழியாக உள்ளே போகும், பெரிய காற்றாடி ஒன்று ஓயாமல் சுற்றும். காய் எடுப்புக் காலம் முழுக்க என் கணவர் அந்த அடுப்படியில்தான் கிடப்பார். விறகு தள்ளிக்கொண்டே ஒரு மெட்டை முனகுவார். வார்த்தை கிடையாது, வெறும் ராகம்தான். எனக்குத் தெரிந்த எந்தப் பாட்டிலும் அது இல்லை. சினிமாப் பாட்டு, கோயில் பாட்டு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டேன். எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டால், நான் எங்கே பாடினேன் என்று திருப்பிக் கேட்பார். பொய் சொல்கிறவரில்லை. பாடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

அவருடைய தொண்டை கரகரக்க ஆரம்பித்தபோது விறகுப் புகைதான் காரணம் என்று இரண்டு பேருமே நினைத்தோம். சுக்கும் மிளகும் கஷாயமுமாகக் கொஞ்ச காலம் ஓடியது. பிறகு மதுரைக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, சதை எடுத்து அனுப்பிவிட்டு, கடைசியில் டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். குரல்வளையை முழுக்க எடுத்துவிட வேண்டும். உயிருக்கு அது நல்லது. கழுத்தில் ஒரு துளை இருக்கும், இனிமேல் மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு இருக்காது. நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். என் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அதற்குப் பிறகு ஸ்டோர் வேலைக்குப் போகலாமா என்று. புகை ஆகவே ஆகாது என்றார் டாக்டர்.

போடிக்குத் திரும்பும் ரயிலில் அவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் காய் விலை, மழை, குரங்குத் தொல்லை என்று ஒன்று விடாமல் பேசினார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. குரலின் கையிருப்பையெல்லாம் ரயிலில் எவனோ ஒருவனுக்கு அள்ளிக் கொடுக்கிறாரே என்று இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஆபரேஷனுக்கு இடம் கிடைக்கச் சில வாரங்கள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் அந்த மெட்டைப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று அந்த ரயிலிலேயே முடிவு செய்தேன். குரலைத்தான் காப்பாற்ற முடியாது, அது போட்ட மெட்டாவது என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ரயிலடியிலிருந்து நேராகத் தம்பியின் கடைக்குப் போனோம். போடியில் அவன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். என் கணவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அவனுடைய மெஷினில் அந்தத் தளத்தைத் திறந்து, நினைவில் இருந்ததை வைத்து முதல் வரியை எழுதினேன். மீதியை மலையில் அவர் முனகக் கேட்டுக்கொண்டே எழுதலாம் என்று நினைப்பு. மேலே போய் லேப்டாப்பைத் திறந்தால் திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடையாது. ரோட்டில் ஒரு வளைவுக்கு நடந்து போனால்தான் போனே எடுக்கும். போனில் பதிவு செய்து பார்த்தேன். காற்றாடிச் சத்தம்தான் பதிவானது. போனை வாய்க்கு அருகே நீட்டினாலோ அவர் வாயை மூடிக்கொள்வார். பாடுங்கள் என்று கேட்டால் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார்.

வளைவுக்கு நடந்துபோய்த் தம்பியிடம் போனில் புலம்பினேன். அடுத்த ஜீப்பிலேயே அவன் ஒரு பென் டிரைவ் கொடுத்தனுப்பினான். அதே தளத்தின் இன்னொரு வடிவம் அதில் இருந்தது. கம்ப்யூட்டரிலேயே பதிந்துகொள்ளலாம். “இதுக்கு நெட்டே வேண்டாம்க்கா. பாட்டு ஒன் பொட்டிக்குள்ளயே இருக்கும்” என்று போனில் சொன்னான். ஒரே ஒரு தடவை மட்டும் வளைவில் வைத்து இணைத்து, போடியில் எழுதிய முதல் வரியை உள்ளே வாங்கிக்கொண்டேன். பொத்தான்களும் பழையபடி தமிழிலேயே வந்தன. அதன்பிறகு அது யார் தயவும் இல்லாமல் ஓடியது.

அதுவரை நான் யோசித்ததே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதிய பாட்டெல்லாம் எந்த ஊரில், எந்த மெஷினில் கிடந்ததோ, யாருக்குத் தெரியும். இது மட்டும் என் மடியில், ஏலக்காய் வாசத்தோடு, கரண்டு போனால் என்னோடு சேர்ந்து இருட்டில் உட்கார்ந்திருந்தது. அந்த நெருக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

ஸ்டோருக்குப் பக்கவாட்டில் விறகு அடுக்கு. அதற்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்பேன். அவர் குரல் உடைந்திருந்தது, ஆனாலும் ராகம் நேராக வந்தது. இரண்டு புள்ளி வைப்பேன், காத்திருப்பேன், மறுபடி அவர் அந்த இடத்துக்கு வரும்போது ஒரு புள்ளியை நகர்த்துவேன். அவர் குரல் வழுக்கிக்கொண்டு போகும் இடங்கள் எந்தக் கோட்டிலும் உட்காராமல் என்னைப் பாடாய்ப் படுத்தின. அங்கெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாக நெருக்கி வைத்து ஒப்பேற்றினேன்.

அதிக நாள் ஒளிக்க முடியவில்லை. ஒருநாள் விறகு எடுக்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். எழுதியதைப் போட்டுக் காட்டினேன். மெஷின் அதைப் பியானோவில் வாசித்தது. அவர் விறகைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்.

“இதயா நான் பாடுறேன்? யாரு இவென், கல்யாண மண்டபத்துல வாசிக்கிறவென் மாதிரி வாசிக்கிறான்?”

பியானோவைப் புல்லாங்குழலாக மாற்றினேன். கடைசிவரை நின்று கேட்டார். எதற்கு இதெல்லாம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இது இல்லை, இன்னும் மேலே, இங்கே கொஞ்சம் இழு என்று ஏதோ பெரிய வித்வான் மாதிரி என்னை வேலை வாங்கினார். பாடச் சொல்லிக் கேட்டதும் வெட்கப்பட்டவர், திருத்தச் சொன்னதும் வெட்கத்தை விட்டுவிட்டார். சண்டை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அந்தச் சில வாரங்கள் நன்றாகவே இருந்தோம். மெட்டு முழுதாக அமைந்த அன்று கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “சரியா இருக்கு டீச்சரு” என்றார். என்னிடம் அவர் வாயாரச் சரியென்று ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

ஆபரேஷனுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வளைவில் நின்று பேசியபோது, பாட்டுக்கு ஒரு நகல் வெளியேயும் இருக்கட்டும் என்று தம்பி போனில் சொல்லியிருந்தான். லேப்டாப் கீழே விழுந்தால் எல்லாம் போய்விடும். வளைவுக்கு வந்ததும் போனிலிருந்து நெட்டை இணை, அதுவே கேட்கும், அனுப்பிவிடு, தளத்தில் பத்திரமாக இருக்கும், நான் இங்கே கடையில் திறந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான். கிளம்பிய காலையில் அப்படியே செய்தேன். வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, லேப்டாப்பைத் திறந்து அவர் மடியில் வைத்து, நெட்டை இணைத்தேன். இணைத்த கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று சொன்னார்கள். சரியாகக் கேட்காததால் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினேன். திரையில் என்னமோ கேட்கிறது என்று அவர் ஜீப்பிலிருந்து கூப்பிட்டார். போன் காதில் இருந்ததால், இருங்கள் என்று கையைக் காட்டினேன். ஜீப்காரர் அவசரப்படுத்தியிருக்கிறார், பின்னால் லோடு ஜீப்பு வந்து நின்றுகொண்டிருந்தது.

திரையில் அவர் என்ன பார்த்திருப்பார் என்று எனக்கு இப்போது தெரியும். இந்த மெஷினில் ஒரு பாட்டு இருக்கிறது, தளத்தில் வேறொன்று இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டிருக்கும். கீழே இரண்டு பொத்தான். மேல் நோக்கிய அம்புக்குறியோடு ‘ஏற்று’. கீழ் நோக்கிய அம்புக்குறியோடு ‘இறக்கு’. பிறந்ததிலிருந்து மலையில் இருக்கும் மனிதர். பாட்டு மலையிலிருந்து போடிக்குப் போகிறது. அவர் எதை அழுத்துவார்?

போனை வைத்துவிட்டு வந்து, அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டேன்.

“ம். இறக்கிட்டேன்” என்றார்.

சின்ன வேலையை ஒழுங்காக முடித்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. இத்தனை காலம் மலையிலேயே இருந்துவிட்ட என் காதுக்கும் அந்தச் சொல்லில் ஒரு தப்பும் படவில்லை. லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தேன். ஜீப்பு இறங்கியது. வழி நெடுக அவர் அதிகம் பேசவில்லை. போடியில் தம்பி எங்களுக்காக நின்றுகொண்டிருந்தான், அவனிடம் மட்டும், “தோட்டத்தப் பாத்துக்க மாப்ளே” என்றார். கடையைப் பூட்டிவிட்டு அவனும் மேலே போக வேண்டியிருந்ததால், பாட்டைத் திறந்து பார்க்க அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். நல்லபடியாகத்தான் முடிந்தது, அதில் எனக்குக் குறையில்லை. வார்டுக்கு மாற்றிய பிறகு, அழித்து எழுதும் சிலேட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தண்ணீர், வலி, படுக்கையை உயர்த்து என்றுதான் முதலில் எழுதினார். கொஞ்சம் தெளிந்ததும், பாட்டைப் போடு என்று எழுதினார். அதைக் கேட்பார் என்றுதான் லேப்டாப்பைக் கூடவே வைத்திருந்தேன். திறந்து, சத்தத்தைக் குறைத்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். முதல் வரி வந்தது. புல்லாங்குழலில் வரவில்லை, பியானோவில் வந்தது. வரி முடிந்ததும் நின்றுவிட்டது.

மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே ஒரு வரி. திரையை நகர்த்திப் பார்த்தேன், கீழே வெறும் கோடுகள். போடியில், தம்பியின் கடையில், அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நான் எழுதிய அந்த ஒரு வரி மட்டும் இருந்தது. தளத்தில் கிடந்த பழையது இறங்கி வந்து, எங்கள் பெட்டிக்குள் இருந்த முழுப் பாட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. அந்தத் தளத்துக்காரர்களின் கணக்கில் அவர்களுடைய மெஷின் இருக்கும் இடம்தான் மேலே. மலை உச்சியில் இருந்தாலும் நாங்கள் கீழே.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர், எதையும் ஒளிக்க முடியாது. சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்.

‘நான் இறக்குனேன்ல?’

ஆமாம், அதற்கு அர்த்தம் வேறாம் என்று சொன்னேன். அதில் யாரைக் கோபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சரியான சொல்லைத்தான் அழுத்தியிருக்கிறார். விடுங்கள், எனக்குத்தான் பாட்டு தெரியுமே, திரும்ப எழுதிவிடலாம் என்றேன். அவர் எழுதியதை அழித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதால் சத்தம் வராது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தம்பி மதுரைக்கு வந்து அந்த லேப்டாப்போடு மல்லுக்கட்டினான். அழிந்ததை மீட்கும் மென்பொருள் என்று எதையெதையோ போட்டுப் பார்த்தான். சாயங்காலம் வராந்தாவுக்கு என்னைக் கூப்பிட்டு, “மேலயே எழுதிருச்சுக்கா, முழுப் பாட்டு போயிருச்சு” என்றான். மச்சானிடம் நீயே சொல்லிவிடு என்று சொல்லிவிட்டு, அவரைப் பார்க்காமலே ஊருக்கு பஸ் ஏறிவிட்டான்.

மலைக்குத் திரும்பியபோது அடுத்த காய் எடுப்பு ஆரம்பித்திருந்தது. அடுப்பைக் கவனிக்க ஓர் ஆளைப் போட்டோம். கழுத்துத் துளையை மூடி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, புகை எட்டாத அறையில் அவர் உட்கார்ந்திருப்பார். பேசுவதற்கு ஒரு கருவி வாங்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அப்புறம் பார்க்கலாம் என்று கையை அசைத்துவிட்டார். நான் லேப்டாப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். தப்பாக எழுதினால் மேஜையைத் தட்டுவார். விரலை மேலே காட்டினால் ஸ்வரத்தை ஏற்றுவேன், கீழே காட்டினால் இறக்குவேன். பெரும்பகுதி அப்படியே திரும்பி வந்தது. நான்கூட நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

நடுவில் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டோம். மெட்டு மேலே போய், ஒரு திருகு திருகி இறங்கும் இடம். நான் எப்படி எழுதினாலும் தட்டினார். மாற்றினேன், தட்டினார். சமையலை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன், எனக்குப் பொறுமை போய்விட்டது.

“அப்ப நீங்களே பாடிக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் கோபப்படவில்லை. எழுந்தார். அடுப்புக்கு முன்னால் நிற்பது போல நின்று, இரண்டு கையாலும் இல்லாத ஒரு கட்டையைப் பிடித்து, குனிந்து தள்ளினார். அந்தத் திருகல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கட்டையைத் தள்ளக் குனியும்போது நெஞ்சு அமுங்கி, குரல் அப்படி வளைந்திருக்கிறது. மறுபடி குனிந்தார், மறுபடி தள்ளினார். கழுத்திலிருந்து காற்றுதான் வந்தது. உட்கார்ந்து சிலேட்டை எடுத்தார்.

‘எனக்குத் தெரியல. தொண்டைக்குத்தான் தெரியும்.’

நான் எழுந்து பின்பக்கம் போய், பச்சைக்காய் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் வாய்விட்டு அழுதேன். அவருக்கும் சேர்த்துச் சத்தம் போட்டு அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு திரும்பி வந்து, அந்த இடத்தில் ஓய்வுக் குறிகளை வைத்தேன். தாளம் ஓடும், சத்தம் வராது. அதைத் தாண்டி மீதி மெட்டை எழுதி முடித்தோம். முடிந்ததும் புல்லாங்குழலுக்கு மாற்றி, முழுவதையும் ஒரு முறை போட்டேன். குழல் போய்க்கொண்டிருந்தது. வெற்று இடம் வந்ததும் நின்றது. திரையில் வாசிக்கும் இடத்தைக் காட்டும் நீலக்கோடு மட்டும் காலியான கோடுகளின் மேல் நகர்ந்தது. நான் திரையைப் பார்க்கப் பிடிக்காமல் அவரைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணி லேசாக எழுந்தது. குட்டையாக இரண்டு தடவை எழுந்து, பிறகு ஒரு தடவை நீளமாக எழுந்து அடங்கியது. குழல் மறுபடி பிடித்துக்கொண்டது.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்து முதலிலிருந்து மறுபடி போட்டேன். அந்த இடம் வந்ததும் துணி அதே கணக்கில் எழுந்து அடங்கியது. அந்தக் கோடுகளில் நான் இன்றுவரை ஒரு புள்ளியும் வைக்கவில்லை. அங்கே அவர் பாடுகிறார்.